ஈயமா, டங்ஸ்டனா, யுரேனியமா? கதிர்க் கவசத்துக்கும் எதிர் எடைக்கும் உலோகம் தேர்வது எப்படி

கனமான உலோகம் வேண்டும் என்று வந்துவிட்டால் எல்லோரும் முதலில் பார்ப்பது அடர்த்திப் பட்டியலைத்தான். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், யுரேனியம் 19.05 கிராம், டங்ஸ்டன் 19.25 கிராம். இதைப் பார்த்ததும் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, யுரேனியத்துக்குப் பதில் டங்ஸ்டன், டங்ஸ்டனுக்குப் பதில் யுரேனியம் என்று எதையும் போடலாம். இன்னொன்று, ஈயம் எப்போதும் கடைசி. இரண்டுமே தவறு. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) எக்ஸ் கதிரை ஒரு மில்லிமீட்டர் யுரேனியத் தகடு, அதே தடிமன் ஈயத் தகட்டைவிடக் குறைவாகவே தடுக்கும். கதிரியக்கக் கோபால்ட்-60 வீசும் காமா கதிர் என்றால் அதே யுரேனியம் டங்ஸ்டனையும் முந்திவிடும்.

இங்கே யுரேனியம் என்பது செறிவிழந்த யுரேனியம். எரிபொருளுக்காக யுரேனியம்-235 பிரித்தெடுக்கப்பட்ட பிறகு மிஞ்சுவது. இயற்கையில் 0.72 சதவீதம் இருக்கும் யுரேனியம்-235, இதில் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 சதவீதம்தான் இருக்கும். மற்றது யுரேனியம்-238.  

## முதலில் அளவுகோல்கள்

கதிரின் ஆற்றல். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டியது இதுதான். சில நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே, காமா அல்லது எக்ஸ் கதிரின் ஆற்றல் துகள்களான ஃபோட்டான்களை அணுவின் உள் எலக்ட்ரான்கள் அப்படியே விழுங்குகின்றன. இதில் அணு எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: அணுவின் மிக உள் கூட்டிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றும் அளவுக்கு ஃபோட்டானிடம் ஆற்றல் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குப் பெயர் கே விளிம்பு. டங்ஸ்டனுக்கு 69.5, ஈயத்துக்கு 88.0, யுரேனியத்துக்கு 115.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 100-இல் வரும் ஃபோட்டான் டங்ஸ்டனின், ஈயத்தின் விளிம்புகளைத் தாண்டிவிட்டது. யுரேனியத்தின் விளிம்பைத் தொடவில்லை. அதனால் அங்கே ஒரு கிராமுக்கான தடுப்புத் திறன் ஈயத்துக்குச் சுமார் 5.5, டங்ஸ்டனுக்கு 4.4, யுரேனியத்துக்கு வெறும் 2 சதுர சென்டிமீட்டர். அடர்த்தியால் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஈயம் 63, டங்ஸ்டன் 85, யுரேனியம் 37. 19-க்கு மேல் அடர்த்தி இருந்தும் யுரேனியம் கடைசியில் நிற்கிறது.

ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. அங்கே ஃபோட்டான்கள் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறுவதே அதிகம். எல்லாத் தனிமங்களும் கிராமுக்குக் கிராம் ஏறக்குறைய சமம். அடர்த்திதான் பெரும்பாலும் தீர்மானிக்கும்; அதற்கு மேல் அணு எண் அதிகமானவை கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும். அடர்த்தி, அணு எண் இரண்டும் சேர்ந்து அமைந்தது யுரேனியத்தில்தான்.

இடம். கவசம், கதிர் வீசும் பொருளான மூலத்தைச் சுற்றி மூடுவதாக இருந்தால், தடிமன் கொஞ்சம் குறைந்தாலே எடை வெகுவாகக் குறையும். வெளி ஆரத்தின் மூன்றாம் அடுக்காகத்தான் எடை ஏறுகிறது. தட்டையான சுவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரே உலோகம் கையடக்கப் பெட்டியில் லாபமாகவும் அறைச்சுவரில் வீணாகவும் ஆவதற்கு இதுவே காரணம்.

மற்றவை. வார்க்க முடியுமா, கடைய முடியுமா, ஈரத்திலும் தீயிலும் என்ன ஆகும், உரிமம் வேண்டுமா, ஆயுள் முடிந்தபின் யார் வாங்கிக்கொள்வார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. யுரேனியத்தின் உண்மையான விலை அதற்குள்தான் இருக்கிறது.

## எண்கள்

| பண்பு | ஈயம் | டங்ஸ்டன் | செறிவிழந்த யுரேனியம் |
|---|---|---|---|
| அணு எண் | 82 | 74 | 92 |
| அடர்த்தி, கிராம்/கன செ.மீ. | 11.34 | 19.25 (கலவை 17 – 18.5) | 19.05 |
| உருகுநிலை, டிகிரி செல்சியஸ் | 327 | 3422 | 1132 |
| கே விளிம்பு, கிலோ எலக்ட்ரான் வோல்ட் | 88.0 | 69.5 | 115.6 |
| இரிடியம்-192: கதிரைப் பாதியாக்கும் தடிமன், மி.மீ. | 4.8 | 3.3 | 2.8 |
| கோபால்ட்-60: கதிரைப் பாதியாக்கும் தடிமன், மி.மீ. | 12.5 | 7.9 | 6.9 |
| இரிடியம்-192 சிறு கவசத்தின் எடை, கிலோ | 9.2 | 6.3 | 4.3 |
| கோபால்ட்-60 சிறு கவசத்தின் எடை, கிலோ | 117 | 57 | 39 |
| உரிமம் | பொதுவாக வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் |

கடைசி இரண்டு எடைக் கணக்குகளும் இப்படி வந்தவை: நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள குழி, அதைச் சுற்றிக் கோள வடிவக் கவசம், பத்து பாதியாக்கும் தடிமன், அதாவது கதிர் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். மூலத்தை வெளியே செலுத்தும் குழாய், பூட்டு, வெளி உறை எதுவும் சேரவில்லை. நிஜக் கருவி இதைவிடக் கனக்கும். ஆனால் மூன்றுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது.

கோபால்ட் வரிசையைக் கவனியுங்கள். தடிமனில் யுரேனியம் ஈயத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். எடையில் மூன்றில் ஒரு பங்குதான். "அடர்த்தி கூடினால் பெட்டியும் கனக்குமே" என்று தோன்றுவது இயல்பு. மூடிய கவசத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு.

## ஈயம்

எந்தப் பட்டறையிலும் உருக்கி வார்க்கலாம், தகடாக வெட்டலாம், பழையதைத் திரும்ப உருக்கலாம். நிலையான சுவர், எக்ஸ் கதிர் அறை, ஆய்வகச் செங்கல் அடுக்கு ஆகியவற்றுக்கு இன்றும் முதல் தேர்வு இதுவே. கண்டறியும் மருத்துவ எக்ஸ் கதிரின் ஆற்றல் வரம்பில் ஈயத்தை விலைக்கு விலை வெல்லும் உலோகம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு அதன் மென்மையில் இருக்கிறது. அறை வெப்பநிலையே, கெல்வின் அளவில் பார்த்தால், ஈயத்தின் உருகுநிலையில் பாதி. அதனால் தன் எடையிலேயே மெல்ல இறங்கும். சுவரில் ஆணியடித்த தகடு சில வருடங்களில் ஆணித் துளைகளை நீள்வட்டமாக்கிக் கீழே சரியும்; மேல் விளிம்பில் இடைவெளி திறக்கும். கதிர் கசிவதும் அங்கேதான். தகட்டை ஒட்டுப்பலகையோடு பிணைத்து முழுப்பரப்பிலும் தாங்க வேண்டும். அல்லது சில சதவீதம் ஆண்டிமனி சேர்த்துக் கடினமாக்க வேண்டும். ஆண்டிமனி சேர்த்தால் அடர்த்தி கொஞ்சம் இறங்கும், தடிமனைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வார்ப்பில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது வெளியே தெரியாது. ஈயம் உறையும்போது கன அளவில் சுமார் 3.5 சதவீதம் சுருங்கும். அச்சின் மேற்பகுதி முதலில் உறைந்துவிட்டால் சுருக்கம் உள்ளே குழியாகிவிடும். அச்சை முன்கூட்டியே சூடாக்கி, இடைவிடாமல் ஊற்றி, அடியிலிருந்து மேல்நோக்கிக் குளிரவிட்டு, மேலே உருகிய ஈயம் எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே சரியான முறை. பிறகு ஒருபக்கம் காமா மூலம், மறுபக்கம் உணரி வைத்து, கட்டம் கட்டமாக அளந்து பார்க்காமல் வார்த்த கவசத்தை ஏற்கக் கூடாது.

செங்கல்லாக வாங்கினால் தட்டை முகம் உள்ளதைத் தவிருங்கள். இரண்டு தட்டைச் செங்கற்களின் நேர்க்கோட்டு இடுக்கு வழியே கதிர் நேராக வெளியேறும். ஒன்றோடொன்று பொருந்தும் வி வடிவ விளிம்பு கொண்டது கொஞ்சம் விலை அதிகம், ஆனால் அவசியம்.

தீயில் ஈயம் 327 டிகிரியில் உருகி ஓடிவிடும். கதிரியக்கப் பொருளைக் கொண்டுசெல்லும் வலுவான கலன்களுக்கான சர்வதேசச் சோதனை 800 டிகிரி, 30 நிமிடம். ஈயக் கவசக் கலன் அதில் தேற வெளியே வெப்பத் தடுப்பு அடுக்கு வேண்டும். அந்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூசு நச்சு என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ அரைக்கவோ கூடாது. வண்ணப்பூச்சு அல்லது உறை கட்டாயம்.

மிகக் குறைந்த பின்புலக் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளுக்கு இன்னொரு சிக்கல்: புதிய ஈயத்தில் ஈயம்-210 கலந்திருக்கும், அதன் அரை ஆயுள் 22 ஆண்டுகள். கடலடியில் கிடந்த ரோமானியக் கப்பல் ஈயத்தை இயற்பியலாளர்கள் தேடிப்போவது இதனால்தான்.

## டங்ஸ்டன்

தூய டங்ஸ்டன் அறை வெப்பநிலையில் நொறுங்கும். துளை போடும்போதே விளிம்பு உடைந்துவிடும். அதனால் நடைமுறையில் வாங்குவது கனக் கலவைதான்: 90 முதல் 97 சதவீதம் டங்ஸ்டன், மீதி நிக்கலும் இரும்பும், அல்லது நிக்கலும் தாமிரமும். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் பி777 தரம் இதை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது: 90 சதவீதத்துக்கு அடர்த்தி 17.0, 92.5-க்கு 17.5, 95-க்கு 18.0, 97-க்கு 18.5.

அடிக்கடி நடக்கும் பிழையும் இங்கேதான். வரைபடத்தில் 19.25 என்று கணக்குப் போட்டு, முதல் வகுப்புக் கலவையை வாங்கிவிடுவார்கள். அடர்த்தி கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைவு, 10 மி.மீ. போதும் என்று நினைத்த இடத்தில் 11.3 மி.மீ. வேண்டும். நான்காம் வகுப்புக்குத் தாவினால் அடர்த்தி கிடைக்கும், ஆனால் நெகிழ்ச்சி குறையும். அடி விழும் பாகத்துக்கு அது நல்லதல்ல. கவசத்துக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு பெரும்பாலும் சரியான நடுநிலை.

கனக் கலவையைக் கார்பைடு முனையால் வார்ப்பிரும்பைப் போல எளிதாகக் கடையலாம். காற்றில் துரு பிடிக்காது, தீயில் உருகாது, கட்டியாகத் தொட்டால் தீங்கில்லை. காந்தப்புலத்துக்குள் வைக்கும் பாகம் என்றால் தாமிரம் சேர்ந்த வகையைக் கேளுங்கள். இரும்பு சேர்ந்தது காந்தத்தை லேசாக ஈர்க்கும்.

குறை என்னவென்றால் இதை உருக்கி வார்க்க முடியாது. தூளை அழுத்தி, சுமார் 1,500 டிகிரியில் சுடுகிறார்கள். சூளையில் துண்டு சுருங்கும், பெரிய துண்டு தன் எடையில் உருக்குலையும். அதனால் பெரிய கவசத்தைத் துண்டு துண்டாகச் செய்து இணைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பும் படி வைத்து வெட்டப்பட வேண்டும். மூலப்பொருள் உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருப்பதால் விலையும் கிடைக்கும் காலமும் திடீரென மாறும். கடைசல் சீவலுக்கு நல்ல மறுவிற்பனை விலை உண்டு. அதைச் சேகரிக்காமல் விடுவது நேரடி நட்டம்.

நச்சே இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டங்ஸ்டன், நிக்கல், கோபால்ட் கலந்த ஒரு கலவையை எலிகளின் தசைக்குள் பதித்த ஆய்வில் கட்டிகள் வந்தன. 2005-இல் வெளியான முடிவு அது. கவசத்தைக் கையாள்வதற்கும் உடலுக்குள் பதிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனாலும் நிக்கல் உள்ள கலவையை அரைக்கும்போது தூசு உறிஞ்சி கட்டாயம்.

## யுரேனியம்

இது வெல்லும் இடம் ஒன்றுதான். ஆனால் அங்கே இதற்கு ஈடு இல்லை: இரிடியம்-192, கோபால்ட்-60 போன்ற வலுவான காமா மூலத்தை ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய, அல்லது சிறு வண்டியில் தள்ளக்கூடிய பெட்டிக்குள் அடைப்பது. வெல்டிங்கைக் கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராஃபி கேமராக்களில் பல இதைத்தான் பயன்படுத்துகின்றன. எடை மட்டுமே காரணம் அல்ல. யுரேனியத்தை வெற்றிடத்தில் உருக்கி வார்க்க முடியும். மூலம் நேர்க்கோட்டில் வெளியே "பார்க்காதபடி" வளைந்து செல்லும் குழாயை அச்சில் வைத்து, அதைச் சுற்றி ஒரே கட்டியாக ஊற்றிவிடலாம். இணைப்பே இல்லை. டங்ஸ்டனால் இதைச் செய்ய முடியாது.

இனி அதற்கான விலை.

தானே கதிர் வீசும். யுரேனியம்-238-இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள். ஒரு கிராமில் வினாடிக்குச் சுமார் 12,400 சிதைவுகள். ஆல்ஃபா துகள் தோலைத் தாண்டாது. ஆனால் அதன் வழித்தோன்றலான புரோட்டாக்டினியம்-234 வலுவான பீட்டா துகளை வீசுகிறது. வெறும் யுரேனியப் பரப்பைத் தொட்டபடி இருந்தால் தோலுக்கு மணிக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு). எஃகு உறைக்குள் மூடிவிட்டால் பீட்டா நின்றுவிடும். நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்குக் கவசமாக இது அறவே ஆகாது.

ஈரம். ஈரக்காற்றில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு கறுப்பு, பிறகு உதிரும் தூள். இறுக மூடிய இடத்தில் ஈரம் சிக்கினால் ஹைட்ரஜன் வெளியாகும். யுரேனிய ஹைட்ரைடு உருவாகி, திறக்கும்போது தானாகத் தீப்பிடிக்கலாம். கட்டியை நன்றாக உலர்த்தியபின்தான் உறையைப் பற்றவைக்க வேண்டும். உள்ளே போன தூள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அங்கே கதிர்வீச்சைவிட வேதி நச்சே முதலில் கவலைப்பட வேண்டியது.

சீவல். கடையும்போது பொறி பறக்கும். மெல்லிய சீவலும் தூளும் காற்றில் பற்றிக்கொள்ளும். கூலன்ட் வெள்ளமாக ஓட வேண்டும், சீவல் உடனுக்குடன் திரவத்துக்குள் மூழ்க வேண்டும். அந்தக் கலனுக்குக் காற்றோட்ட மூடி போடுவது பலர் மறக்கும் விஷயம். இறுக மூடினால் ஹைட்ரஜன் அழுத்தம் ஏறும். தீப்பிடித்தால் கார்பன் டையாக்சைடு அணைப்பான் உதவாது. உலோகத் தீக்கான உலர்தூள் அருகிலேயே இருக்க வேண்டும்.

எஃகோடு சேர்க்கை. யுரேனியத்தின் உருகுநிலை 1132 டிகிரி என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இரும்பைத் தொட்டபடி இருந்தால் இரண்டும் சேர்ந்து சுமார் 725 டிகிரியிலேயே உருகும் கலவையாகிவிடும். மேலே சொன்ன 800 டிகிரித் தீச்சோதனை அதைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். யுரேனியத்துக்கும் எஃகு உறைக்கும் இடையில் தாமிரத் தகடு வைப்பது இதற்காகத்தான். பழுது பார்ப்பவர்கள் தெரியாமல் அதை எடுத்துவிட்டு, கையில் கிடைத்த எஃகு வளையத்தைப் போட்டுவிட்டால் கலனின் தீத்தாங்கும் திறன் போய்விட்டது.

உட்குழாய்த் தேய்மானம். மூலத்தை இழுக்கும் கம்பி ஆயிரக்கணக்கான முறை உரசிய பிறகு வளைகுழாயின் உட்புறம் தேய்ந்து யுரேனியம் வெளிப்படும். கம்பியில் ஒட்டிக்கொண்டு தூள் வெளியே வரும். அமெரிக்க விதிப்படி 12 மாதத்துக்கு ஒருமுறையாவது குழாயைத் துடைத்துச் சோதிக்க வேண்டும்; துடைப்பில் 185 பெக்கரலுக்கு (வினாடிக்கு 185 சிதைவுகள்) மேல் வந்தால் கருவி சேவையிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

சட்டம். செறிவிழந்திருந்தாலும் இது அணுப்பொருள். வைத்திருக்க உரிமம், கிலோ கணக்கில் பதிவேடு, இடம் மாற்றினால் அறிக்கை. பலரைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு: உள்ளே இருந்த இரிடியம் மூலத்தை அகற்றிய பிறகும், காலியான அந்தப் பெட்டி கதிரியக்கப் பொருளாகவே அனுப்பப்பட வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் வழக்கு வரும், அதற்குமுன் யாருக்காவது தீங்கு வரும்.

## எதிர் எடை என்றால்?

எதிர் எடை என்பது அசையும் பாகத்தைச் சமநிலையில் நிறுத்த வைக்கும் கனம்; இங்கே அணு எண்ணுக்கும் கே விளிம்புக்கும் வேலை இல்லை. 20 கிலோ எடைக்கு எஃகு 2.55 லிட்டர் இடம் எடுக்கும், ஈயம் 1.76, மூன்றாம் வகுப்பு டங்ஸ்டன் கலவை 1.11, யுரேனியம் 1.05. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 60 மில்லிலிட்டர். அதற்காக உரிமம், பதிவேடு, முலாம் பராமரிப்பு என்று ஆயுள் முழுக்கச் சுமப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

விமானத்துறை இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டது. ஆரம்பகால போயிங் 747-களின் வால் பகுதியில் யுரேனிய எதிர் எடைகள் இருந்தன. பிறகு டங்ஸ்டனுக்கு மாறினார்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் குடியிருப்பின் மீது விழுந்த சரக்கு 747-இல் 282 கிலோ செறிவிழந்த யுரேனியம் இருந்தது. அதில் பாதிக்கு மேல் மீட்கப்படவில்லை. அங்கு வாழ்ந்தவர்களின் உடல்நலக் கவலையும் விசாரணைகளும் பல ஆண்டுகள் நீடித்தன.

இடம் இருந்தால் ஈயம், இடம் இல்லாவிட்டால் டங்ஸ்டன் கலவை. எதிர் எடைக்கு இந்த இரண்டே போதும்.

## மற்ற தனிமங்கள்

தங்கம் 19.3, பிளாட்டினம் 21.45, ஆஸ்மியம் 22.59. விலையே கதவை மூடிவிடுகிறது. ஆஸ்மியம் தூளாக இருந்தால் நச்சு ஆக்சைடு வேறு. டாண்டலம் 16.65, அறை வெப்பநிலையில் அழகாக வளையும், ஆனால் கவசத்துக்கு வாங்கும் விலையில் இல்லை. பிஸ்மத் மட்டும் கவனிக்கத்தக்கது: அடர்த்தி 9.78, கே விளிம்பு 90.5, நச்சு மிகக் குறைவு. ஈயமில்லாத எக்ஸ் கதிர் மேலங்கிகளில் சேர்க்கிறார்கள். உறையும்போது சுருங்காமல் விரியும் என்பதால் வார்ப்பில் குழி விழாது, ஆனால் அச்சு உடையலாம்.

பீட்டா மூலத்துக்கு இந்தக் கன உலோகங்கள் எதையும் முதல் அடுக்காக வைக்காதீர்கள். பீட்டா அவற்றில் நிற்கும்போது எக்ஸ் கதிரை உண்டாக்கும். பாஸ்பரஸ்-32-க்கு முதலில் ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக், தேவைப்பட்டால் அதன் வெளியே ஈயம். நியூட்ரான் மூலத்துக்கு ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎத்திலீனும் போரானும். அங்கே யுரேனியம் வைத்தால் வேக நியூட்ரான்கள் அதைப் பிளந்து மேலும் நியூட்ரான்களை உண்டாக்கும்.

## எங்கே எது

எக்ஸ் கதிர் அறை, 150 கிலோ வோல்ட் வரை: ஈயம். மெல்லியதாக இருந்தே ஆக வேண்டிய கதிர்வரம்பிகளுக்கு (கதிர்க் கற்றையைக் குறுக்கும் தடுப்புகளுக்கு) டங்ஸ்டன். யுரேனியம் பேச்சுக்கே இடமில்லை.

நிலையான காமா அறை: இடம் இருந்தால் கான்கிரீட். கோபால்ட்-60 கதிரைப் பாதியாக்க 60.5 மி.மீ. கான்கிரீட் போதும்; ஆயிரத்தில் ஒன்றாக்க 60 சென்டிமீட்டர் சுவர். கதவுக்கும் பார்வைத் துளையைச் சுற்றியும் மட்டும் ஈயம்.

மூலத்தை ஆய்வகத்துக்குள் நகர்த்தும் சிறு பானை, ஊசிக்குழல் உறை: டங்ஸ்டன் கலவை. கையில் பிடிப்பது, அடிக்கடி கழுவுவது, கீழே விழுவது எல்லாவற்றையும் தாங்கும்.

செலீனியம்-75 கேமரா: டங்ஸ்டன். இதன் காமா கதிர்கள் பெரும்பாலும் 400 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும், ஆகவே யுரேனியம் தரும் எடைச் சேமிப்பு அதன் சட்டச் சுமைக்கு ஈடாகாது. சோதிக்க வேண்டிய எஃகின் தடிமன் செலீனியத்துக்குப் பொருந்துமானால், இரிடியத்திலிருந்து அதற்கு மாறுவதே யுரேனியத்தைத் தவிர்க்கும் நேர்வழி.

இரிடியம்-192, கோபால்ட்-60 கையடக்கக் கேமரா: இரிடியத்துக்கு யுரேனியமும் டங்ஸ்டனும் போட்டியில் உண்டு, ஏணியிலும் குழாய்ப் பாதையிலும் தூக்கிச் செல்பவர்களுக்கு இரண்டுக்கும் இடையிலான அந்த இரண்டு கிலோ வித்தியாசம் பெரிது. கோபால்ட்டுக்கு யுரேனியமே.

வாங்கும் ஆணையில் ஈயத்துக்கு ஆண்டிமனி சதவீதமும் காமா வருடல் அறிக்கையும், டங்ஸ்டனுக்கு வகுப்பு எண்ணும் அளந்த அடர்த்திச் சான்றும் எழுதப்பட வேண்டும். யுரேனியத்துக்கு இவற்றோடு தாமிர இடைத்தகடு, உட்குழாய்ப் பொருள், ஆயுள் முடிந்ததும் உற்பத்தியாளர் தம் செலவில் திரும்பப் பெறுவதற்கான ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள். பெட்டி வந்து சேர்ந்தபின் அதைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.